லேப்டாப் அப்பப்ப இழுக்குது, கூடவே சத்தம் வேற: ஃபார்மேட் போட்டா சரியாகுமா?

ஜூன் 3, ராத்திரி 9.40, கீழக்கரையிலேர்ந்து கேள்வி

அண்ணே, லாத்தா (அக்கா) மகன் காலேஜுக்கு வச்சிருந்த லேப்டாப் இப்ப எங்கிட்ட இருக்கு. கடைக் கணக்கு, ஜிஎஸ்டி பில்லு, கொஞ்சம் யூடியூப், அம்புட்டுதான் வேலை. ஐ5-8250யு பிராசஸர், 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. காலையில போட்டா நல்லாத்தான் ஓடுது. கொஞ்ச நேரத்துல ஃபேன் கத்த ஆரம்பிக்குது, அதுக்கப்புறம் ஒரு எழுத்து அடிச்சா ரெண்டு செகண்டு கழிச்சுத்தான் ஸ்க்ரீன்ல வருது. கால் மணி நேரம் போனா தானா சரியாயிடுது, அப்புறம் மறுபடியும் அதே கதை. ஒரு கடையில ஃபார்மேட் போட்டாத்தான் தீரும்ங்குறாங்க, இன்னொரு எடத்துல மதர்போர்டு போச்சு புதுசு வாங்குங்கங்குறாங்க. ரெண்டு பேருமே முழுசா ஆன் பண்ணிக்கூடப் பாக்கல. ஃபார்மேட் போட்டுரவா?

ஜூன் 3, ராத்திரி 11.10, தங்கச்சிமடம்

போடாத தம்பி. முதல்ல அந்தக் கணக்குக்கு வேற எடத்துல காப்பி இருக்கான்னு பாரு. இல்லன்னா இன்னிக்கு ராத்திரியே பென் டிரைவ்ல ஏத்திரு, மத்ததெல்லாம் நாளைக்கு.

நான் இங்க டைப்பிங், பிரிண்ட் அவுட் கடை வச்சிருக்கேன், அதுலயே ஒரு மேசை போட்டு ரிப்பேரும் பாக்குறேன். மெதுவா இருக்கு, சத்தம் போடுதுன்னு ரெண்டையும் ஒரே கோளாறா சேத்துச் சொல்லிக்கிட்டுத்தான் எல்லாரும் வருவாங்க. ரெண்டும் வேற வேற. சத்தம்ங்குறது ஃபேன் உள்ள இருக்குற சூட்டை வெளிய தள்ளுற வேலை. இழுக்குறதுக்குக் காரணம், லேப்டாப்போட மூளையான பிராசஸர் சூடு தாங்காம தன் வேகத்தைக் குறைச்சுக்குறதா இருக்கலாம், ஏதோ ஒரு புரோகிராம் மொத்தத்தையும் முழுங்கிக்கிட்டு இருக்கலாம், டிஸ்க் கேட்டதைக் குடுக்காம நிக்கலாம். அதனால எனக்கு வேண்டியது ஒரே தகவல்தான், எது முதல்ல வருது?

சத்தம் வந்து அப்புறம் இழுத்தா சூடு. இழுத்துட்டு அப்புறம் சத்தம் வந்தா ஏதோ புரோகிராம் வேலை வாங்குது. சத்தமே இல்லாம இழுத்தா டிஸ்க்கைப் பாக்கணும், இல்ல சார்ஜரைப் பாக்கணும். நீ சொல்றது முதல் ரகமாத் தெரியுது, ஆனா தெரியுதுங்குறதை மட்டும் நம்பி ஸ்க்ரூவைக் கழட்டக் கூடாது. நாளைக்குக் காலையில ஆன் பண்ணின உடனே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கு, டாஸ்க் மேனேஜர் வரும், எந்தப் புரோகிராம் எவ்வளவு வேலை வாங்குதுன்னு அதுல தெரியும். அதை மூடாம ஓரமா வச்சுக்கிட்டே வேலை பாரு. இழுக்க ஆரம்பிச்சப்புறம் திறந்தா அது திறக்கவே ஒரு நிமிசம் ஆகும், பிடிக்க வேண்டியது அதுக்குள்ள ஓடிரும். பக்கத்துல ஒரு காகிதம் வச்சுக்க. இழுக்குறப்ப மணி என்ன, சிபியு (பிராசஸர்தான்) எத்தனை சதவீதம், டிஸ்க் எத்தனை, மேல எந்தப் பேரு நிக்குது, பெர்ஃபாமன்ஸ் பக்கத்துல 'ஸ்பீடு'னு காட்டுற நம்பர் என்ன. இத எழுதிட்டு வா, மதர்போர்டா இல்லையான்னு அப்புறம் பேசிக்கலாம்.

ஜூன் 4, காலை 7.15

ராத்திரி எழுதினதோட இதையும் சேத்துக்க. வெறுமனே சத்தம்னு சொல்லாத, என்ன சத்தம்னு சொல்லு. காதைக் கிட்ட வச்சுக் கேளு. உஸ்ஸுனு காத்து சீறுனா ஃபேன் முழு வேகத்துல சுத்துது, ஃபேன் மேல தப்பில்ல. கரகரன்னு உரசி, லேப்டாப்பை லேசா சாச்சா சத்தம் மாறுச்சுன்னா பேரிங் தேஞ்சிருக்கு, இல்ல உள்ள ஒரு ஒயர் இறக்கையில இடிக்குது. கீச்சுனு மெல்லிசா, திரையில பக்கத்தை மேல கீழ நகத்துறப்ப மட்டும் வந்தா அது போர்டுல இருக்குற 'காயில்'ங்குற கம்பிச் சுருள், ஆபத்து கிடையாது, விட்டுரலாம். டக்கு டக்குனு ஒரே தாளத்துல, உள்ளங்கை வைக்கிற எடத்துக்குக் கீழேயிருந்து வந்தா அதுதான் ஹார்டு டிஸ்க், அந்த நிமிசமே வேலையை நிறுத்திட்டு இருக்குறதைக் காப்பி எடு.

டச்பேடு ஒரு பக்கம் மேல எழும்பியிருக்கான்னும் தடவிப் பாரு. எழும்பியிருந்தா பேட்டரி உப்பியிருக்கு, அப்படியிருந்தா அதைச் சார்ஜ் போடாத, அமுக்காத, ஊசி கீசி வச்சுக் குத்திராத, நேரா கழட்டக் கொண்டுபோ.

ஜூன் 4, மதியம்

தொண்டியிலேர்ந்து ஒருத்தர் "ஃபார்மேட் போட்டா என்ன குறைஞ்சிரும், சுத்தமாயிரும்ல"ன்னு கேட்டிருக்காரு. எனக்கு இதுல கோவம் வரும், மறைக்கல. எங்க சித்தப்பா மகளோட லேப்டாப்பு, இதே மாதிரி இழுக்குதுன்னு ஒரு கடையில குடுத்தா. சி டிரைவ் டி டிரைவ் எல்லாத்தையும் அழிச்சு ஒண்ணாக்கிக் குடுத்துட்டாங்க. அவ கல்யாணத்துக்கு முன்னாடி எறந்துபோன சித்தியோட போட்டோ அதுல மட்டும்தான் இருந்துச்சு. மேல புதுசா விண்டோஸும் ஏத்தி, ரெண்டு வாரம் ஓட்டியும் இருந்ததால மீட்குற சாஃப்ட்வேருக்குப் பாதிப் படம்தான் சிக்குச்சு, அதுலயும் பல படம் கீழ்ப்பாதி சாம்பல் கலரு. அந்த லேப்டாப்பு அப்புறமும் இழுத்துச்சு. ஏன்னா கோளாறு உள்ள அடைச்சிருந்த தூசியில, தூசிக்கு ஃபார்மேட் தெரியாது.

புரோகிராம் குப்பைன்னு உறுதியாத் தெரிஞ்சப்புறம் போடுறது வேற. அளந்து பாக்காம போடுறது வேற.

ஜூன் 5, ராத்திரி

தம்பி எழுதியனுப்புன காகிதத்தோட போட்டோ வந்துச்சு, அருமையா குறிச்சிருக்கான். ரெண்டு விதமா நடக்குது.

ஒண்ணு, டீ குடிச்சிட்டு வந்து பாத்தா ஃபேன் ஓடிக்கிட்டிருக்கு, மவுஸைத் தொட்டா கொஞ்ச நேரத்துல அடங்குது. மேல நிக்குற பேரு ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள், சில நேரம் விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர். இதுல பயப்பட ஒண்ணுமில்ல. விண்டோஸ் தன் பராமரிப்பு வேலையை ராத்திரி 2 மணிக்குன்னு வச்சிருக்கும். அந்நேரம் லேப்டாப்பு அணைஞ்சு கெடக்கும், அதனால பகல்ல நாம கையெடுத்த நேரம் பாத்து செய்யும். அந்த ரெண்டு பேரும் வைரஸ் தேடுறதும் அப்டேட் ஏத்துறதும்தான். அப்பப்ப வந்து போகுதுன்னு எல்லாரும் சொல்றதுல இது ஒரு பங்கு. வாரத்துல ஒரு ராத்திரி சார்ஜர் போட்டு, தூங்க விடாம, ஆன்லயே விட்டுரு, அது பாட்டுக்கு முடிச்சுக்கும்.

ரெண்டாவதுதான் நமக்கு முக்கியம். சிபியு 40 சதவீதம்தான் காட்டுது, ஆனா ஸ்பீடு 0.79 கிகாஹெர்ட்ஸ். இந்த ஐ5-8250யு சாதாரணமா 1.6, வேணுங்குறப்ப 3.4 வரைக்கும் போற பிராசஸர். அது 0.79-ல நிக்குதுன்னா யாரோ கழுத்தைப் பிடிச்சிருக்காங்க. அது சூடா இருக்கும், இல்ல சார்ஜரா இருக்கும். சார்ஜரைப் பிடுங்கிட்டுப் பாருன்னு சொன்னேன், பிடுங்கியும் மாறலையாம். அப்ப சூடு. ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல சென்சார் பக்கம் திறந்து 'கோர் தெர்மல் த்ராட்லிங்'ங்குற வரியைப் பாக்கச் சொன்னேன், சூட்டால வேகம் குறையுதான்னு காட்டுறது அதுதான். 'யெஸ்'னு சிவப்புல வந்திருக்கு, சூடு 100 டிகிரி. இந்தப் பிராசஸருக்கு உச்சவரம்பே 100தான். அது கெட்டுப்போகல, தன்னக் காப்பாத்திக்கிட்டு இருக்கு.

ஞாயித்துக்கிழமை கொண்டு வாடான்னு சொல்லியாச்சு.

ஜூன் 6

ஒரு சின்ன விசயம், விட்டுப்போகக் கூடாதுன்னு எழுதுறேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்த உடனே சத்தம் அடங்கி, மூடினதும் மறுபடி வருதுன்னா சந்தேகப்படுங்க. திருட்டு சாஃப்ட்வேரோட சேந்து உள்ள வர்ற கிரிப்டோ நாணயம் தோண்டுற புரோகிராம் சிலது, டாஸ்க் மேனேஜர் திறந்தா பதுங்கிக்கும். கிராக் போட்ட போட்டோ எடிட்டிங், கிராக் போட்ட கணக்கு சாஃப்ட்வேர் வச்சிருக்குறவங்க முக்கியமா பாருங்க. விண்டோஸ் செக்யூரிட்டியில வைரஸ் பக்கம் போயி, ஸ்கேன் ஆப்ஷன்ஸ்ல 'ஆஃப்லைன் ஸ்கேன்' குடுத்தா லேப்டாப்பு ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே தேடும். அப்ப அதுக்குப் பதுங்க எடமில்ல.

ஜூன் 7, ஞாயிறு ராத்திரி

இன்னிக்குத் தம்பி பாம்பன் பாலம் தாண்டி பஸ்ஸுல வந்து எறங்கினான். திறந்தாச்சு. பாத்ததை அப்படியே எழுதுறேன், ஏன்னா இந்தக் கரையில உள்ள எல்லா லேப்டாப்புலயும் இதே படம்தான்.

அடிமூடியில ஸ்க்ரூ ரெண்டு துருப்பிடிச்சு தலை மழுங்கியிருந்துச்சு, அதுக்கே அரைமணி நேரம் போச்சு. மூடியை எடுத்ததும் முதல்ல பேட்டரி ஒயரைக் கழட்டினோம், இத யாரும் மறக்காதீங்க. வெளியிலேர்ந்து பாத்தா ஃபேன் சுத்தமாத்தான் தெரிஞ்சுச்சு, இறக்கையில லேசா தூசி, அவ்வளவுதான். நிறைய பேரு இதோட திருப்திப்பட்டு மூடிருவாங்க. ஃபேன் மூடியோட சின்ன ஸ்க்ரூ மூணையும் எடுத்துத் தூக்கினாத்தான் விசயம் தெரியும். ஃபேன் காத்தைத் தள்ளுற வாய்க்கும், அந்தக் காத்து போய் சேர வேண்டிய ஹீட் சிங்கோட (பிராசஸர் சூட்டை இழுத்து வெளிய விடுற உலோகத் துண்டு) செம்புத் தகடு வரிசைக்கும் நடுவுல, பழைய தலையணைப் பஞ்சு மாதிரி சாம்பல் கலர்ல ஒரு பட்டை, கடைசிவரைக்கும் அடைச்சு நிக்குது. இடுக்கியால ஒரு முனையைப் பிடிச்சு இழுத்தேன், அறுந்து போகாம ஒரே துண்டா வந்துச்சு. கையில வச்சு அமுக்கினா லேசா ஈரம். வெளிச்சத்துல பிடிச்சா சின்னச் சின்னதா மினுக்குது, மணலும் உப்பும். கொஞ்சம் பூனை முடியும் இருந்துச்சு. கடைப் பூனை சூடான காத்து வர்ற எடமாப் பாத்து லேப்டாப்புக்குப் பின்னாடிதான் படுக்குமாம், தம்பி சொல்லிட்டு அவனே சிரிச்சிட்டான். தகடுகளோட ஓரத்துல பச்சை பூத்திருந்துச்சு.

அப்ப நடக்குறது என்னன்னா, ஃபேன் சுத்துது, காத்து போக வழியில்ல, சூடு வெளிய போகல, ஃபேன் இன்னும் வேகமா சுத்துது, சத்தம் கூடுது, கடைசியில 100-ஐத் தொட்டதும் பிராசஸர் வேகத்தைக் குறைக்குது. வேகம் குறைஞ்சா சூடு குறையும், கொஞ்ச நேரத்துல பழையபடி எழும்பும், மறுபடி 100. கால் மணிக்கு ஒருதரம் வந்து போறதோட ரகசியம் இதுதான்.

பட்டையை எடுத்துட்டு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷை வச்சுத் தகடுகளுக்கு நடுவுல விட்டு, கை ஊதுபம்புல வெளியிலேர்ந்து உள்பக்கமா ஊதினோம். ஊதுறப்ப ஃபேன் இறக்கையை ஒரு விரலால பிடிச்சுக்கணும். காத்துல கண்டமேனிக்குச் சுத்தவிட்டா பேரிங் போயிரும். அப்புறம் ஹீட் சிங்கைத் தூக்கினோம். பிராசஸர் மேல இருந்த, சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்துற பேஸ்ட் காஞ்சு பொருக்காயிருந்துச்சு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில தொட்டு ரெண்டு பக்கமும் பளிச்சுனு தொடச்சு, புதுப் பேஸ்ட் ஒரு அரிசி அளவு நடுவுல வச்சு மூடினோம். ஹீட் சிங்க் ஸ்க்ரூ பக்கத்துலயே 1, 2, 3, 4-னு அச்சடிச்சிருக்கும், அந்த வரிசையில கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். ஒரு மூலையை மட்டும் முதல்லயே இறுக்கினா சில்லு மேல பாரம் ஒரு பக்கமா விழும்.

ஆன் பண்ணி அதே கணக்கு சாஃப்ட்வேரு, அதே யூடியூப்பு, சூடு 76-ஐத் தாண்டல. ஸ்பீடு கீழ எறங்கல. ஃபேன் சத்தம் கேக்குது, ஆனா ரூம்ல மின்விசிறி சத்தத்துக்குள்ள அடங்கிருச்சு.

டிஸ்க் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாத்தேன். அது மஞ்சள் காட்டுது, எச்சரிக்கை. அத தனியா எழுதுறேன், இன்னிக்கு உடம்பு அசந்துபோச்சு.

ஜூன் 8

"தூசி எல்லா ஊர்லயும்தான் இருக்கு, இதுல ராமநாதபுரத்துக்கு என்ன தனி"ன்னு ஒருத்தர். தனிதான். மதுரையில காய்ஞ்ச தூசி படியும், ஊதினா பறந்துரும். இங்க தூசியோட உப்பும் சேந்து வருது. சமையல் உப்பையே எடுத்துக்கங்க, காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா அது தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிச்சிரும். கடல் உப்புல மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கு, அது அதுக்கும் ரொம்பக் கீழயே தண்ணி இழுக்கும். ராத்திரியில இங்க ஈரப்பதம் 75-க்கு மேல நிக்குறது சகஜம். அப்ப உள்ள போன தூசி ராத்திரி நனையுது, பகல்ல சூட்டுல காயுது, மேல அடுத்த தூசி ஒட்டுது. இப்படித்தான் பட்டையாகுது. இப்ப கச்சான்ங்குற தென்மேற்குக் காத்து வேற அடிக்க ஆரம்பிச்சாச்சு, தனுஷ்கோடி ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும், மணல் முகத்துல அறையும். சன்னல் பக்கத்துல மேசை போட்டவங்க, இந்தச் சீசன் முடியுற வரைக்கும் எதிர்ச் சுவத்துக்கு மாத்திக்கங்க.

இரும்பு எவ்வளவு வேகமா அரிக்கும்னு சோதிச்சுப் பாக்க, காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமே மண்டபம் கேம்ப்ல நிலையம் வச்சிருக்கு, உலோகத் துண்டுகளைக் கடல் காத்துல வச்சு எடை குறையுறதை அளப்பாங்க. 1914-ல திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைக் கடைசி வரைக்கும் பெயின்ட் அடிச்சு அடிச்சுத்தான் காப்பாத்த வேண்டியிருந்துச்சு. 2025 ஏப்ரல் 6-ல திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலோக்ஸேன் பூச்சும் போட்டிருக்காங்க. அப்பேர்ப்பட்ட காத்தை உள்ள இழுத்துத்தான் நம்ம லேப்டாப்பு மூச்சு விடுது, அதுக்கு ஒரு பூச்சும் கிடையாது.

ஜூன் 9

கூலிங் பேடு வாங்கலாமான்னு நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க. உள்ள அடைச்சிருந்தா அதால பெருசா ஒண்ணும் ஆகாது, அடியில காத்தடிக்கும், ஆனா போற வழி மூடித்தானே கெடக்கு. உள்ள சுத்தமா இருந்தா, பின்பக்கம் ரெண்டு விரல் உயரத்துக்கு ஒரு கட்டையை வச்சாலே பாதி பலன் கிடைச்சிரும். மெத்தை மேல, தலையணை மேல வச்சு வேலை பாக்காதீங்க, காத்து இழுக்குற துவாரம் அடியிலதான் இருக்கு. இன்னொண்ணு, ரூம் எவ்வளவு சூடோ அது அப்படியே உள்ளயும் ஏறும். சாயங்காலம் 30 டிகிரியில நல்லா ஓடினது மத்தியானம் 37-ல திணறும். அது கோளாறில்ல, வெயில்.

பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல அடிக்கலாமான்னு மண்டபத்துலேர்ந்து கேள்வி. வேண்டவே வேண்டாம். அந்தத் தொட்டிக்குள்ள தண்ணியும் எண்ணெயும் நிக்கும், காத்தோட சேந்து போர்டு மேல தெளிக்கும். அழுத்தமும் ரொம்பக் கூட.

ஜூன் 10

டிஸ்க் கதை. தம்பி நேத்து ராத்திரி எழுதியிருக்கான், சத்தம் போயிருச்சு அண்ணே, ஆனா காலையில 10 மணிவாக்குல சத்தமே இல்லாம இழுக்குதுன்னு. ஞாயித்துக்கிழமை மஞ்சள் பாத்தப்பவே எனக்கு இது உறுத்துச்சு. ரெண்டு கோளாறு சேந்து இருந்துச்சு, பெரிய கோளாறு போனதும் சின்னது வெளிய தெரியுது.

டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதம்னு நிக்கும், ஆனா பக்கத்துல எழுதுற வேகம் படிக்கிற வேகம் பாத்தா அற்பமா இருக்கும். 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்'ங்குறது சுத்துற ஹார்டு டிஸ்க்குக்குப் பத்து இருபது மில்லிசெகண்டுல இருந்தா சரி. இவனுதுல ஆயிரத்தைத் தாண்டிப் போகுது. அதாவது ஒரு துண்டைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிக்கிட்டு நிக்குது, மொத்த விண்டோஸும் அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு இலவச சாஃப்ட்வேர், திறந்தாலே நீலம்னா நல்லது, மஞ்சள்னா எச்சரிக்கை, சிவப்புனா மோசம்னு நிலவரம் சொல்லிரும். அதுல 05-ங்குற வரி ஏற்கனவே கெட்டு மாத்தி எழுதின எடம், சி5-ங்குற வரி படிக்க முடியாம காத்துக்கிட்டிருக்குற எடம். சி5 சைபரா இருக்கணும். நாளுக்கு நாள் ஏறுச்சுன்னா அந்த டிஸ்க்கை நம்பக் கூடாது.

ஜூன் 4 காலையில டக்கு டக்குனு சத்தம் வந்தா டிஸ்க்னு எழுதினேன்ல, அதோட இதையும் வச்சுப் படிங்க. டிஸ்க் ஒரு சத்தமும் போடாமயும் போகும். இந்தத் தம்பிக்கு டக்குச் சத்தம் ஒருதரம்கூட வரல.

ஜூன் 11

தொண்டிக்காரர் திரும்ப வந்திருக்காரு, இந்தத் தடவை நல்ல கேள்வி. சூடு 55 டிகிரிதான், டிஸ்க் நீலம், சத்தமும் இல்ல, ஆனா ஸ்பீடு 0.39-லயே ஆணியடிச்சு நிக்குது. சார்ஜரைப் பிடுங்கினா உடனே பறக்குது.

சார்ஜர்தான் அண்ணே. சில கம்பெனி லேப்டாப்புல சார்ஜர் முனை நடுவுல ஊசி கணக்கா ஒரு கம்பி இருக்கும், தான் எத்தனை வாட்டுனு லேப்டாப்புக்குச் சொல்றது அதுதான். அந்தக் கம்பி வளைஞ்சாலோ பாசி பிடிச்சாலோ, இல்ல 65 வாட்டு கேக்குற மிசினுக்கு 45 வாட்டு போட்டாலோ, இது யாரு என்னன்னு தெரியாம லேப்டாப்பு பயந்து வேகத்தை அடியோட குறைச்சிரும். அடாப்டர் மேல எழுதியிருக்குற வோல்ட்டும் வாட்டும் பழசோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. முனையை ஆல்கஹால் தொட்ட பஞ்சால தொடச்சும் பாருங்க. கரண்ட் வோல்டேஜ் ஏறி எறங்குறதுக்கும் இதுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்ல, அடாப்டர் 100-லேர்ந்து 240 வரைக்கும் தாங்கும்.

ஜூன் 13

வெயில் தாங்க முடியாத மத்தியானத்துக்கு ஒண்ணு சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. பவர் ஆப்ஷன்ஸ்ல அட்வான்ஸ்டு போயி 'மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்'டை 100-லேர்ந்து 99 ஆக்குங்க. ஒரு சதவீதம்தானேன்னு நெனைக்காதீங்க, 99 ஆனதும் டர்போ, அதான் வேணுங்குறப்ப வேகத்தைக் கூட்டிக்கிறது, நின்னுரும், அதோட சூடும் நல்லா எறங்கும். கணக்கு, டைப்பிங், பிரவுசர் வேலைக்கு வித்தியாசமே தெரியாது. வீடியோ எடிட் பண்றவங்களுக்குத் தெரியும், அவங்க வேலை நேரத்துக்கு 100 வச்சுக்கட்டும். சில புது மிசின்ல இந்த வரி கண்ணுலயே படாது, அதுக்குத் தயாரிச்சவங்களோட சாஃப்ட்வேர்ல 'கொயட்' மாதிரி ஒரு முறை குடுத்திருப்பாங்க, அதைப் பயன்படுத்திக்கங்க.

இது தூசிக்கு மருந்தில்ல. அடைச்ச லேப்டாப்புக்கு 99 போட்டுத் தள்ளிப்போடாதீங்க.

ஜூன் 16

நேத்துலேர்ந்து கடையில மூச்சு விட நேரமில்ல. மீன்பிடித் தடைக்காலம் 14-ஆம் தேதியோட முடிஞ்சு, போட்டெல்லாம் கடலுக்குப் போயிருச்சு, ஐஸ் கம்பெனி, நண்டு வாங்குற எடம், வலைக் கடை எல்லாம் கணக்கெழுத லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வர்றாங்க. எல்லாருக்கும் ஒரே பேச்சு, ஏப்ரல்ல நல்லாத்தான் வச்சுட்டுப் போனேன், இப்ப பாருங்க எழுந்திரிக்கவே மாட்டேங்குது, ஃபேன் நிக்க மாட்டேங்குது.

61 நாள் பீரோவுக்குள்ள கெடந்த லேப்டாப்பு எழுந்திரிச்ச உடனே ரெண்டு மாச அப்டேட்டை மொத்தமா எறக்கும், வைரஸ் பட்டியலைப் புதுப்பிக்கும், எல்லா ஃபைலையும் ஒருதரம் தேடும். அன்னிக்கு ஃபுல்லா அப்படித்தான் இருக்கும். ஏலக் கணக்கு எழுதுற காலை 6 மணிக்கு முதல்முறையா ஆன் பண்ணினா அழுகைதான் வரும். அதனால வர்ற வருசத்துக்கு இப்பவே சொல்றேன், தொழிலுக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஆன் பண்ணி, நெட்டு குடுத்து, ஒரு ராத்திரி அப்படியே விட்டுருங்க. தடைக்காலத்துலயும் வாரத்துக்கு ஒருதரம் ஒரு மணி நேரம் ஓட்டுங்க. உள்ள சூடு ஏறினா ஈரம் காயும், போர்டுக்கு அது நல்லது. பீரோவுல வைக்கிறப்ப பேட்டரி பாதிக்குக் கொஞ்சம் மேல இருக்கட்டும், முழுசாவும் வேண்டாம், வத்தவும் விடாதீங்க. புது செருப்பு டப்பாவுல வர்ற சிலிக்கா பாக்கெட்டு கெடச்சா பையில போட்டு வைங்க.

ஒரு போட்டுக்காரரோட லேப்டாப்புல கரப்பான் குடும்பமே இருந்துச்சு. வாடகை கேக்கணும்னு சொல்லிக்கிட்டே தட்டிவிட்டாரு.

ஜூன் 18

தம்பியோட டிஸ்க்ல சி5 இன்னும் ஏறியிருக்கு, இனி காத்திருக்க வேண்டாம்னு சொல்லிட்டேன். அவனுது பழைய ஹார்டு டிஸ்க் இருக்குற எடத்துலயே 2.5 இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி, அதான் சுத்தாம சில்லுல எழுதி வைக்கிற டிஸ்க், உக்காந்துரும். சுத்துற டிஸ்க் ஒரு துண்டைத் தேடி எடுக்க பத்து மில்லிசெகண்டுக்கு மேல எடுத்துக்கும், எஸ்எஸ்டிக்கு அதுல நூத்துல ஒரு பங்குகூட ஆகாது. பழைய லேப்டாப்புக்குக் காசு போடுறதுன்னா ரேமுக்கு முன்னாடி இதுக்குத்தான் போடணும்ங்குறது என் முடிவு, 8 ஜிபி இருக்குறவங்களுக்கு. 4 ஜிபி வச்சிருந்தா ரெண்டும் வேணும்.

பழசைக் குளோன் பண்ணலாமா, அதாவது அப்படியே அச்சா காப்பி எடுக்கலாமா, புதுசா ஏத்தலாமான்னு கேட்டான். டிஸ்க் நல்லா இருந்தா குளோன் சரி. கெட்டுப்போன எடம் உள்ள டிஸ்க்கைக் குளோன் பண்ணினா பாதியில நிக்கும், இல்ல கெட்ட ஃபைலும் சேந்து வரும். முதல்ல கணக்கு, போட்டோ, டாகுமெண்ட், இந்த வரிசையில எடுத்துட்டு, எஸ்எஸ்டியில புதுசா விண்டோஸ் 11 ஏத்திரலாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சிருச்சு, தனியா பதிவு பண்ணினவங்களுக்குத்தான் 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட்டு. 8-ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர்ங்குறதால இவனுக்கு 11 ஏறும், பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்) டிபிஎம்ங்குற பாதுகாப்பு வசதி ஆன் ஆகியிருக்கான்னு மட்டும் பாத்துக்கணும். 7-ஆம் தலைமுறையும் அதுக்கு முந்தினதும் வச்சிருக்குறவங்களுக்கு, ஒண்ணு ரெண்டு மாடலைத் தவிர, முறைப்படி 11 கிடையாது.

ஜூன் 21

எஸ்எஸ்டி போட்டாச்சு, லாத்தாவே வீடியோ கால்ல காட்டினாங்க, பட்டனை அமுக்கி டம்ளர்ல டீ ஊத்தி முடிக்கிறதுக்குள்ள திரை வந்துருது. பழைய டிஸ்க்கைப் பேக்கப்புக்கு வச்சுக்கலாமான்னு கேட்டாங்க. வேண்டாம், அதுலேர்ந்து எடுக்க வேண்டியதை எடுத்தாச்சு, அதுல புதுசா எதையும் வைக்காதீங்க. பேக்கப்புக்குத் தனியா ஒண்ணு வாங்கிக்கங்க.

ஜூன் 22

ஏர்வாடியிலேர்ந்து ஒரு தம்பி, பாலத்துக்குப் பூச்சு பூசுற மாதிரி போர்டுக்கும் பூசலாமான்னு கேட்டிருக்கான். நல்ல யோசனைதான், படகுல வைக்கிற கருவிகளோட போர்டுக்கு அக்ரிலிக், சிலிக்கோன் பூச்சு அடிச்சே விக்கிறாங்க. ஆனா லேப்டாப்புக்கு வீட்டுல அடிக்காத. ரேம் சொருகுற எடம், ஒயர் சொருகுற எடம், ஹீட் சிங்க் தொடுற எடம், இதுல எதுல பட்டாலும் வேலை கெட்டுரும். ஏற்கனவே உப்பு படிஞ்ச போர்டு மேல அடிச்சா உப்பை உள்ள வச்சுப் பூட்டின கணக்கு. அதுக்குப் பதிலா கச்சான் தொடங்குறதுக்கு முன்னாடி ஒருதரம், முடிஞ்சப்புறம் ஒருதரம் திறந்து சுத்தம் பண்ணு, பேஸ்ட்டை ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா மாத்து, போதும்.

உன் லேப்டாப்பு சாயங்காலம் மட்டும் இழுக்குதுன்னு எழுதியிருக்க, மணி போடல. ஹெச்டபிள்யூஇன்ஃபோவைக் காலையிலேர்ந்து ஓடவிட்டு, இழுத்து முடிச்சதும் 'மேக்ஸிமம்'ங்குற பத்தியை போட்டோ எடுத்து அனுப்பு, சார்ஜர் மேல இருக்குற எழுத்தும் தெரியுற மாதிரி இன்னொரு போட்டோ. பாத்துட்டுச் சொல்றேன்.